கர்னல் சி. கே. நாயுடு

விளையாட்டினால் ஒருவர் பெயர் பெறலாம், பொருளும் பெறலாமா? பெறலாம் என்றால் எவ்வளவு, யாரிடமிருந்து, எந்த வழியில்? ஒரு கல்லூரிக்காக ஆடிக்கொண்டிருப்பவர், வசதி கூடுதலாகக் கிடைக்கிறது என்று வேறொரு கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தால் அது அவர் உரிமையா, நன்றி மறந்த செயலா? பள்ளி ஆண்டு மலரில் இப்படியொரு கேள்வியோடு கட்டுரையைத் தொடங்குகிறோமே என்று பெற்றோர்கள் வியக்க வேண்டாம். மேல்நிலை வகுப்பை முடித்துச் செல்லும் மாணவியருள் கபடியும் கைப்பந்தும் எறிபந்தும் நன்றாக ஆடுகிறவர்களுக்குத் திருநெல்வேலி, மதுரை, சென்னைக் கல்லூரிகளிலிருந்து அழைப்பு வருவது நம் தென்காசிச் சீமையில் இன்று புதுமையன்று. படிப்புக் கட்டணம் வேண்டாம், விடுதி இலவசம் என்பார்கள். வீட்டில் அப்பாவுக்குத் தயக்கம், அம்மாவுக்கு அச்சம், பெண்ணுக்கு ஆசை. அதற்குள் அடுத்த கல்லூரி இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லும்.

இந்த வழக்கு அமெரிக்க நாட்டில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்தது. ஜிம் தோர்ப் என்ற செவ்விந்திய இளைஞர் 1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்கள் பெற்றார். அதற்கு முன் 1909, 1910 ஆண்டுகளின் கோடை விடுமுறையில் சொற்பக் கூலிக்குப் பேஸ்பால் ஆடினார் என்று காரணம் காட்டி 1913-ல் அவற்றைப் பறித்துக்கொண்டார்கள். அவர் இறந்தது 1953-ல். அவர் பட்டத்தை ஒலிம்பிக் குழு திருப்பித் தர முடிவு செய்தது 1982-ல். அவர் ஒருவரே முதலிடம் என்று ஒத்துக்கொண்டது 2022-ல். அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுக் கழகமோ, மாணவர் தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறலாம் என்று 2021 ஜூலையில்தான் இசைந்தது. 2025 ஜூன் மாதம் ஒரு நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி கல்லூரிகளே ஆட்டக்காரர்க்கு நேரடியாக ஊதியம் தரவும் வழி பிறந்தது. கல்லூரி மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும் என்று பெரிய ஆட்டங்களில் இருந்த கட்டுப்பாடும் 2021-ல் தளர்ந்து, 2024-ல் படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

நம் நாட்டில் இந்தக் கேள்விகள் அனைத்தையும் ஒரு மனிதரின் வாழ்க்கையிலேயே காணலாம். அவர்தாம் இந்திய டெஸ்ட் கிரிக்கெட் அணியின் முதல் தலைவரான கொட்டாரி கனகய்யா நாயுடு. சி. கே. என்றாலே அந்நாளில் எல்லாருக்கும் தெரியும்.

அவர் 1895-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் நாகபுரியில் பிறந்தார். குடும்பம் தெலுங்குக் குடும்பம். பாட்டனார் காலத்திலேயே நாகபுரியில் வக்கீல் தொழிலும் நிலபுலமுமாக ஊன்றிவிட்டவர்கள். ஆகவே சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஹிஸ்லாப் பள்ளியில் படித்தார். (ஸ்டீபன் ஹிஸ்லாப் என்பவர் ஸ்காட்லாந்திலிருந்து வந்த மறைப்பணியாளர். நாகபுரி வட்டாரத்துப் பாறைகளை ஆராய்ந்து பெயர் பெற்றவருங்கூட.) படிப்பை விட ஆட்டத்தில்தான் சிறுவனின் மனம் சென்றது. நெடிய உருவம், நேரான முதுகு, நீண்ட கைகள். பந்தைத் தரையோடு தட்டி ஓடுவதைக் காட்டிலும் தலைக்கு மேலே தூக்கி அனுப்புவதில் அவருக்குப் பிரியம்.

1916-ல் பம்பாயில் நடந்த நாற்கோணப் போட்டியில் இந்துக்கள் அணிக்காக ஐரோப்பியரை எதிர்த்து ஆட அழைக்கப்பட்டார். ஒன்பதாவது ஆளாக மட்டை பிடிக்க வந்தபோது ஏழு விக்கெட்டுகள் வீழ்ந்திருந்தன. முதல் மூன்று பந்துகளைத் தடுத்தார். நான்காவது பந்து எல்லைக்கு அப்பால் போய் விழுந்தது. முதல்தர ஆட்டத்தில் அவர் எடுத்த முதல் ரன்களே ஒரு சிக்சர்.

அந்த நாற்கோணப் போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்துக்கள், பார்சிகள், முஸ்லிம்கள், ஐரோப்பியர் என்று சமயமும் இனமும் பார்த்து அணி பிரித்திருந்தார்கள். இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு அதில் இடமே இல்லை. 1937-ல் எஞ்சியவர்கள் என்ற ஐந்தாவது அணி சேர்ந்த பிறகுதான் விஜய் ஹஸாரே போன்ற கிறிஸ்தவ ஆட்டக்காரர்கள் அங்கே மட்டை பிடிக்க முடிந்தது. அணி மாறலாமா கூடாதா என்ற பேச்சுக்கே அங்கு வழியில்லை. தாயின் மடியில் விழுந்த அன்றே இன்ன அணி என்று எழுதியாகிவிட்டது. இன்று அணி மாறுவதைக் கண்டு முகம் சுளிக்கிறவர்கள் இதையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அந்தப் போட்டி 1946-ஓடு நின்றுபோனது நல்லதாயிற்று.

நாயுடு சென்னைக்கும் ஆட வந்திருக்கிறார். புச்சிபாபு நாயுடு கனவு கண்டு தொடங்கி வைத்த, ஐரோப்பியரை இந்தியர் எதிர்த்தாடும் மாகாண ஆட்டம் பொங்கல் நாட்களில் சேப்பாக்கத்தில் நடக்கும். 1920-களின் தொடக்கத்தில் அங்கே அவர் அடித்த ஒரு சிக்சர், மைதானத்தைத் தாண்டி வெளியே ஒரு தென்னை மரத்தருகே போய் விழுந்ததாகச் சென்னைக்காரர்கள் இரண்டு தலைமுறைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாகபுரிக்காரர் சென்னைக்கு ஆடலாமா என்று அன்று யாரும் கேட்கவில்லை. பந்து தென்னை மரத்துக்குப் போனால் போதும் என்றிருந்தார்கள்.

அவர் வாழ்க்கையில் பெரிய திருப்பம் 1923-ல் வந்தது. இந்தூர் மன்னர் துக்கோஜிராவ் ஹோல்கர் அவரைத் தம் சமஸ்தானத்துக்கு அழைத்துப் படையில் கேப்டன் பதவி கொடுத்தார். நாயுடு நாகபுரியை விட்டு இந்தூருக்குக் குடிபெயர்ந்தார். பின்னாளில் கர்னல் ஆனார்; கர்னல் என்ற சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. படையில் பதவி என்றாலும் மன்னர் அவரை அழைத்தது போருக்காக அல்ல, கிரிக்கெட்டுக்காக என்பது எல்லாருக்கும் தெரியும். மாதச் சம்பளம், வீடு, மரியாதை எல்லாம் கிடைத்தன. கணக்கில் அது படைவீரர் ஊதியம். உண்மையில் அது மட்டைக்குக் கிடைத்த ஊதியம்.

இதில் அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அக்காலத்தில் பாட்டியாலா, பரோடா, நவநகர், ஹோல்கர் என்று ஒவ்வொரு சமஸ்தானமும் நல்ல ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்து உத்தியோகம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆட்டத்துக்காகக் கூலி என்று வெளிப்படையாகச் சொன்னால் கௌரவக் குறைவு. இங்கிலாந்தில் கூலி வாங்காத கனவான்கள் ஒரு வாசல் வழியாகவும், கூலி வாங்கும் ஆட்டக்காரர்கள் வேறு வாசல் வழியாகவும் மைதானத்துக்குள் வருவார்கள். அட்டவணையில் கனவானின் முதலெழுத்து பெயருக்கு முன்னே இருக்கும். கூலிக்காரரின் முதலெழுத்து பின்னே போய்விடும். இந்த வேற்றுமையை அவர்கள் 1962-ஆம் ஆண்டின் முடிவில்தான் கைவிட்டார்கள். ஒரே அணியில் ஒரே பந்தை ஆடுகிறவர்களுக்கு இரண்டு வாசல்! உத்தியோகம் என்று பெயர் சூட்டிச் சம்பளம் கொடுத்த நம் மன்னர்களின் வழி அதைவிட நாகரிகமானது என்றே சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. அதைப் பின்னால் காண்போம்.

1926-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி. ஆர்தர் கில்லிகன் தலைமையில் இங்கிலாந்தின் எம்.சி.சி. அணி பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் இந்துக்கள் அணியை எதிர்த்தது. செய்தி பரவப் பரவக் கடைகளையும் அலுவலகங்களையும் விட்டு மக்கள் ஓடி வந்தார்கள். சுற்றியிருந்த மரங்களிலும் கூரைகளிலும் ஆள் ஏறிவிட்டது. நாயுடு 116 நிமிடங்களில் 153 ரன்கள் குவித்தார். அவற்றில் 11 சிக்சர்கள். ஒரு பந்து ஜிம்கானாக் கட்டடத்தின் கூரைமேல் போய் உட்கார்ந்தது. வெள்ளைக்காரர் ஆட்டத்தில் வெள்ளைக்காரரையே இப்படி விரட்ட முடியும் என்பதை அன்று கண்ணால் கண்டார்கள். விருந்தாளி அணியும் பெருந்தன்மையாக அவருக்கு ஒரு வெள்ளி மட்டையைப் பரிசளித்தது. பணமாகக் கொடுத்திருந்தால் அவர் கனவான் நிலைக்கு இழுக்கு. வெள்ளியாகக் கொடுத்தால் குற்றமில்லை. விதிகளின் விந்தையைப் பாருங்கள்!

அந்த ஆட்டத்துக்குப் பிறகுதான் இந்தியாவுக்கு டெஸ்ட் தகுதி உண்டு என்ற பேச்சு வலுத்தது. 1928-ல் கிரிக்கெட் வாரியம் அமைந்தது. 1932-ல் முதல் அணி இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. தலைவர் நாயுடு அல்லர், போர்பந்தர் மகாராஜா. துணைத் தலைவர் லிம்ப்டி இளவரசர். மன்னர் குலத்தவர் இருக்கையில் மற்றொருவர் தலைமை தாங்குவதாவது! ஆனால் போர்பந்தர் மகாராஜா தம் ஆட்டத்தின் அளவை அறிந்த நல்ல மனிதர். டெஸ்ட் ஆட்டத்துக்குத் தாமாகவே ஒதுங்கிக்கொண்டார். இளவரசரும் ஆடவில்லை. எனவே ஜூன் 25-ஆம் நாள் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவின் முதல் டெஸ்ட் அணியை நாயுடு நடத்திச் சென்றார். நிசாரும் அமர்சிங்கும் வீசிய வீச்சில் இங்கிலாந்து 19 ரன்களுக்கு மூன்று விக்கெட்டுகளை இழந்து தடுமாறியது. நாயுடுவுக்குப் பந்து பிடிக்கையில் கையில் அடிபட்டது. அந்தக் கையோடு மட்டை பிடித்து 40 ரன்கள் எடுத்தார். முதல் இன்னிங்ஸில் இந்தியாவுக்கு அதுவே அதிகம். முடிவில் 158 ரன் வித்தியாசத்தில் தோற்றோம் என்றாலும் தலை குனிய வேண்டிய தோல்வியன்று. அந்தப் பயணத்தில் முதல்தர ஆட்டங்களில் மட்டும் அவர் எடுத்தவை 1,618 ரன்கள், வீழ்த்தியவை 65 விக்கெட்டுகள், அடித்த சிக்சர்கள் 32. பர்மிங்காமில் அடித்த ஒரு பந்து, அருகே ஓடிய ரியா ஆற்றைத் தாண்டி ஒரு மாவட்டத்திலிருந்து அடுத்த மாவட்டத்துக்குப் போய்விட்டது என்ற கதை இன்றும் வழங்குகிறது. அடுத்த ஆண்டு விஸ்டன் நூல் அவரைச் சிறந்த ஐந்து ஆட்டக்காரர்களுள் ஒருவராகத் தேர்ந்தது.

1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்டிலும் அவரே தலைவர். எதிரே டக்ளஸ் ஜார்டினின் இங்கிலாந்து அணி. அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமும் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. சென்னை அணி மைசூரை ஒரே நாளில் முடித்துவிட்டது.

முன்பு சொன்ன விலைக்கு வருவோம். 1936-ல் மறுபடியும் இங்கிலாந்துப் பயணம். இம்முறை தலைமை, விஜயநகரம் மகாராஜ்குமாருக்குப் போனது. அவருக்குச் செல்வம் உண்டு, செல்வாக்கு உண்டு, கிரிக்கெட்டுக்கு வாரி வழங்கிய கையும் உண்டு, ஆட்டம்தான் போதாது. நாட்டின் முதல் டெஸ்ட் தலைவராயிருந்தவர் அவருக்குக் கீழே மூன்று டெஸ்டுகளிலும் ஆட வேண்டியதாயிற்று. அணிக்குள் பிளவு, லாலா அமர்நாத்தைப் பாதியிலேயே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நாயுடு பொறுத்துக்கொண்டார். ஓவல் மைதானத்தில் கடைசி டெஸ்டில், ஆலன் வீசிய பந்து உடலில் பலமாகத் தாக்கிய பிறகும் நின்று 81 ரன்கள் எடுத்தார். அவரது டெஸ்ட் வாழ்வில் உயர்ந்த ஆட்டமும் அதுவே, இறுதி ஆட்டமும் அதுவே. மொத்தம் ஏழே டெஸ்டுகள், 350 ரன்கள். அப்போது அவருக்கு வயது நாற்பது. புரவலர் தயவில் வாழும் கலைக்கு எப்போதும் இந்த ஆபத்து உண்டு. கொடுக்கிற கை, சில சமயம் தலையையும் தடவும், சில சமயம் குட்டும்.

அமர்சிங்கைப் போன்றவர்கள் வேறு வழி கண்டார்கள். அவர் இங்கிலாந்தின் லங்காஷயரில் கோல்ன் என்ற ஊர்ச் சங்கத்துக்கு ஒப்பந்தம் எழுதி, வெளிப்படையாகக் கூலி பெற்று ஆடினார். ஒளிவு மறைவு இல்லாத அந்த முறை எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

நாயுடுவும் ஒரு புதிய வழியைத் திறந்தார். 1941-ல் பாத்கேட் என்ற மருந்துக் கம்பெனியின் ஈரல் டானிக்குக்குத் தம் பெயரைக் கொடுத்தார். இந்தியக் கிரிக்கெட்டில் ஒரு பொருளுக்காக விளம்பரத்தில் வந்த முதல் ஆட்டக்காரர் அவரே. வயது நாற்பத்தைந்து ஆகியும் இளைஞரோடு ஓடியாடுகிறவர் ஆதலால், டானிக் விற்பவர்களுக்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடைத்திருக்க மாட்டார். மன்னர் தயவு வேறு, இது வேறு. இங்கே விலை போவது ஆட்டக்காரரின் சொந்தப் பெயர். அதைக் கொடுப்பதும் மறுப்பதும் அவர் கையில். பின்னாளில் தலைக்குப் பூசும் பிரில்கிரீம் விளம்பரத்தில் ஃபரூக் எஞ்சினியரையும், சவரக் கிரீம் விளம்பரத்தில் கபில்தேவையும் பெற்றோர்கள் பார்த்திருப்பார்கள். அந்த வரிசையின் தொடக்கம் இந்த டானிக் புட்டிதான். சிறுபிள்ளைகள் அப்படியே நம்பிவிடுவார்களே என்று கவலைப்படுகிற ஆசிரியைகளும் உண்டு. அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. மருந்துக்குப் பெயர் கொடுப்பது கால் சட்டைக்குப் பெயர் கொடுப்பது போலன்று.

இந்தூரில் அவர் கட்டிய ஹோல்கர் அணியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். முஷ்டாக் அலி அவ்வூர்ப் பிள்ளை. சிறுவனாயிருக்கையிலேயே கண்டெடுத்து வளர்த்தவர் நாயுடு. சர்வதே வெளியூரிலிருந்து வந்தார், நிம்பால்கர் வந்தார், இன்னும் பலர் வந்தார்கள். மன்னர் யஷ்வந்த்ராவ் உத்தியோகம் கொடுத்தார். நாயுடு பயிற்சி கொடுத்தார். கண்டிப்பு என்றால் அப்படியொரு கண்டிப்பு. அடிபட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டு நிற்பதைக்கூட அவர் பொறுக்கமாட்டாராம். நம் ஊரில் ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துச் சாரல் பிடித்துக்கொண்டால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம், விளையாட்டு ஆசிரியைக்கு மட்டும் திண்டாட்டம். மைதானம் ஈரம் என்று மாணவியர் வகுப்பிலேயே ஒதுங்கிவிடுவார்கள். கர்னல் இங்கே ஆசிரியராக இருந்திருந்தால் அந்தச் சலுகை கிடைத்திராது.

அவர் தலைமையில் ஒன்பது ஆண்டுகளில் ஹோல்கர் அணி எட்டு முறை ரஞ்சி இறுதி ஆட்டத்துக்கு வந்து, நான்கு முறை கோப்பையை வென்றது. 1946 இறுதியாட்டத்தில் பரோடாவை எதிர்த்து அவர் 200 ரன்கள் எடுத்தபோது வயது ஐம்பது. 1952-ல் பம்பாயுடன் நடந்த இறுதியாட்டத்தில் தத்து பட்கர் வீசிய பந்து வாயில் பட்டுப் பற்கள் உதிர்ந்தன. ஆடுகளத்தில் விழுந்தவற்றை மட்டையால் ஒதுக்கிவிட்டு, மருத்துவம் வேண்டாம் என்று மறுத்துத் தொடர்ந்து ஆடினார்.

1945 இறுதியாட்டத்தில் இந்த அணிக்கு ஓர் ஆங்கிலேயரும் ஆடினார். அவர் டெனிஸ் காம்ப்டன். போர்க்காலத்தில் இந்தூரை அடுத்த மாவ் முகாமில் படைப்பணியில் இருந்தவர். நூறு ரன்னுக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு ரன்னுக்கும் இவ்வளவு ரூபாய் என்று ஒரு தனவந்தர் வாக்களித்தார். காம்ப்டன் ஆட்டமிழக்காமல் 249 ரன்கள் எடுத்துவிட்டு வந்து பார்த்தால் தனவந்தரைக் காணோம். அவசர வேலையாகப் புறப்பட்டுப் போய்விட்டாராம். எழுத்தில் இல்லாத வாக்கு என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல கதை கிடையாது. கல்லூரியிலிருந்து யாராவது வந்து வாய்மொழியாக இலவசம் என்றால், எந்தக் கட்டணம் இலவசம், எத்தனை ஆண்டுக்கு, காயம்பட்டு ஆட முடியாமல் போனால் என்ன, இடையில் வேறு கல்லூரிக்குப் போக விரும்பினால் சான்றிதழ்களை மறுக்காமல் தருவார்களா என்றெல்லாம் தாளில் எழுதி வாங்கிக்கொள்வது பெற்றோருக்கு நலம். காம்ப்டன் இங்கிலாந்து திரும்பியதும் பிரில்கிரீம் விளம்பரத்தால் பெயர் பெற்று, அதில் முறையாகப் பணமும் பெற்றார். அதற்கு ஒப்பந்தம் இருந்தது.

சமஸ்தானங்கள் 1948-ல் மத்திய பாரதத்தோடு இணைந்தன. ஹோல்கர் என்ற பெயரும் சில ஆண்டுகளில் ரஞ்சிப் பட்டியலிலிருந்து மறைந்தது. நாயுடு ஓயவில்லை. 1953-ல் ஆந்திர மாநிலம் உருவானதும் அதன் புதிய அணிக்கு ஆடினார். 1956-57-ல், அறுபது வயதைக் கடந்த பிறகு, உத்தரப் பிரதேச அணியை நடத்தினார். ரஞ்சியில் அவரது கடைசி இன்னிங்ஸில் 52 ரன்கள். சென்னை, ஐதராபாத், மத்திய மாகாணம், மத்திய இந்தியா, ஹோல்கர், ஆந்திரம், உத்தரப் பிரதேசம் என்று அவர் ஆடிய அணிகளைக் கைவிரல் விட்டு எண்ண வேண்டும். அணி மாறினார் என்பதற்காக அவரை விசுவாசமற்றவர் என்று சொன்னவர் எவருமில்லை. போன இடமெல்லாம் முழு மனத்தோடு ஆடினார் என்பதே காரணமாயிருக்கும். 1956-ல் அரசு பத்மபூஷண் விருது அளித்தது. கிரிக்கெட்டுக்கு அதுவே முதல்.

1963-64-ல் நிதி திரட்டுவதற்காக நாகபுரியில் நடந்த ஓர் ஆட்டத்தில், 68 வயதில், பிறந்த ஊரிலேயே கடைசியாக மட்டை பிடித்தார். 1967 நவம்பர் 14-ஆம் நாள் இந்தூரில் காலமானார். இந்தியக் கிரிக்கெட் வாரியம் அவர் பெயரால் வாழ்நாள் சாதனை விருதை 1994 முதல் வழங்கி வருகிறது.

அவர் காலத்தில் பெண்கள் இந்த ஆட்டத்தில் வேடிக்கை பார்ப்பவர்களாகவே இருந்தார்கள். 2022 அக்டோபரில் இந்திய அணியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஓர் ஆட்டத்துக்கு ஒரே ஊதியம் என்று வாரியம் அறிவித்தது: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், இருபது ஓவர் ஆட்டத்துக்கு 3 லட்சம். அடுத்த ஆண்டு பெண்கள் லீக் ஏலத்தில் ஸ்மிருதி மந்தானாவை 3 கோடியே 40 லட்சத்துக்கு எடுத்தார்கள். கபடிக்கும் எறிபந்துக்கும் அப்படியொரு காலம் வரவில்லை. நம் பிள்ளைகளுக்கு இன்றைக்கு உள்ள வழி விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கல்லூரி இடமும், பிறகு ரயில்வேயிலோ காவல்துறையிலோ ஓர் உத்தியோகமுந்தான். பார்க்கப்போனால் ஹோல்கர் மன்னர் செய்ததும் அதுதான்.

கர்னலின் மகள் சந்திரா நாயுடு இந்தூரில் ஆங்கிலப் பேராசிரியையாக இருந்தார். 1977-ல் பம்பாய் அணியும் எம்.சி.சி. அணியும் இந்தூரில் மோதியபோது அவர் வர்ணனைப் பெட்டியில் அமர்ந்து ஆட்டத்தை விவரித்தார். நம் நாட்டில் கிரிக்கெட் வர்ணனை செய்த முதல் பெண்மணி அவரே. தந்தை பிறந்த நூறாம் ஆண்டான 1995-ல் அவர் வாழ்க்கையை நூலாக எழுதி வெளியிட்டார். 2021-ல் இந்தூரிலேயே காலமானார்.